1965 பிப்ரவரி பேப்பர் உங்க கிட்ட இருக்கா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, விக்கிப்பீடியாவுல தமிழ்நாட்டு அரசியல் வரலாற ஆளாளுக்கு மாத்தி எழுதறாங்கன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல இருக்கற கோவம் எனக்கும் இருக்கு. ஆனா கடைசியில ஒரு யோசனை சொல்லியிருந்தாங்க பாருங்க, நம்ம ஆளுங்க ஆயிரம் பேரு ஒண்ணா உள்ள போகணும், எதிராளி எழுதறத அழிச்சுகிட்டே இருக்கணும், நாலஞ்சு பேராவது நிர்வாகி (பக்கத்த பூட்டவும் ஆள தடை பண்ணவும் அதிகாரம் இருக்கறவங்க) ஆகி உக்காந்துக்கணும்னு, அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் பொள்ளாச்சியில டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாண பத்திரிக்கை, பத்திரம், காலேஜ் பசங்க புராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு நாள் பூரா தமிழ் டைப் அடிக்கறதுதான் பொழப்பு. மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கடைக்கு ஆள் வராது, அந்த நேரத்துல ஒன்பது வருஷமா தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதிட்டு வரேன். பெரும்பாலும் ஊரு, கோயிலு, அணை, ஆறு, இந்த மாதிரி. அரசியல் பக்கம் போனதே இல்ல, ஒரே ஒரு தடவ தவிர.

எங்க ஊர் பெரியவங்களுக்கு 1965 பிப்ரவரி 12ன்னா சொல்லவே வேண்டாம். இந்தி எதிர்ப்பு சமயத்துல பொள்ளாச்சியில துப்பாக்கிச் சூடு நடந்த நாள் அது. ஜனவரி 26 அன்னைக்கு இந்தி நாட்டோட முதன்மை ஆட்சி மொழியா வர வேண்டியிருந்துச்சு, முதல் நாளே மதுரையில பத்திகிச்சு, கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளிச்சாங்க, சிதம்பரத்துல ராஜேந்திரன்னு அண்ணாமலை யுனிவர்சிட்டி பையன் போலீஸ் குண்டுல செத்தாரு, இங்க பக்தவத்சலம் முதல்வர், டெல்லியில சாஸ்திரி பிரதமர். பிப்ரவரி 11 அன்னைக்கு சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் மத்திய மந்திரி பதவிய ராஜினாமா பண்ணாங்க. சி.எஸ். எங்க பக்கத்து செங்குட்டைப்பாளையத்துக்காரர்ங்க. அவரு ராஜினாமா பண்ண மறுநாள்தான் எங்க ஊர்ல சூடு.

எங்க பெரியப்பாவுக்கு அப்ப பதினஞ்சு வயசு, வெல்ல மண்டியில மூட்டை கணக்கு எழுதற கணக்குப்பிள்ளைக்கு எடுபிடி. சத்தம் கேட்டதும் மண்டிக்காரர் கதவ இழுத்து சாத்திட்டாராம், இவரு மூட்டைக்கு பின்னாடி உக்காந்திருந்தாராம், சாயங்காலம் வெளிய வந்தப்ப ரோடு பூரா செருப்பா கிடந்துச்சாம். "ஜோடி சேராத செருப்பு கண்ணு, அத்தனையும் ஒத்தை ஒத்தையா கிடந்துச்சு"ன்னு இன்னைக்கும் சொல்வாரு. எத்தனை பேரு செத்தாங்கன்னும் ஒரு நம்பர் சொல்வாரு. அந்த நம்பர நான் இந்த லெட்டர்ல எழுதல.

ஏன்னா அத ஒரு தடவ எழுதி பாத்தாச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி பெரியப்பாவுக்கு உடம்பு முடியாம போன சமயம், இவரு போயிட்டா இது யாருக்கு தெரியும்னு தோணி, அந்த நம்பர கொண்டு போய் விக்கிப்பீடியா கட்டுரையில சேத்துட்டேன். அரை மணி நேரத்துல எடுத்துட்டாங்க. "சான்று இல்லை"ன்னு ரெண்டே வார்த்தை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு திரும்ப போட்டேன், திரும்ப எடுத்தாங்க. வரலாறுன்னு ஒரு பட்டன் இருக்கும்ங்க பக்கத்துக்கு மேல, அத அமுக்கினா யாரு எப்ப எத்தனை எழுத்து சேத்தாங்க, எத்தனை எழுத்து எடுத்தாங்கன்னு வரிசையா வரும், சேத்தது பச்சை, எடுத்தது சிவப்பு. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்புன்னு என் பேரும் இன்னொருத்தர் பேரும் மாறி மாறி. எங்க ஊர்க்காரங்க செத்தது அங்க வெறும் எழுத்து எண்ணிக்கையா ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. அத பாத்ததும் கைய எடுத்துட்டேன்.

அப்புறம் உரையாடல் பக்கத்துல அவரு பொறுமையா எழுதினாரு. உங்க பெரியப்பா பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, ஆனா படிக்கறவங்க போய் சரிபாக்க ஒரு இடம் வேணும், புத்தகமோ பேப்பரோ அரசு அறிக்கையோ அச்சுல வந்தது எதையாவது காட்டுங்க, நானே சேக்கறேன்னாரு. மெய்யறிதன்மைன்னு ஒரு வார்த்தை சொல்வாங்க அங்க. நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும், படிக்கறவன் போய் பாத்து அறிஞ்சுக்க முடியாட்டி அது நிக்காது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஆனா அவரு பண்ணது சரிதான்னு இப்ப சொல்றேன்.

அத சரின்னு ஒத்துக்க வச்சது எங்கயோ இருக்கற போலந்து கதைங்க. இரண்டாம் உலகப்போர் சமயம் வார்சாவுல நிஜமாவே ஒரு நாஜி வதைமுகாம் இருந்துச்சு, 1943ல யூதர்கள அடைச்சு வச்சிருந்த கெட்டோவோட இடிபாட்டுல கட்டினது. ஆனா ஆங்கில விக்கிப்பீடியாவுல 2004ல யாரோ வேற கதைய ஏத்திட்டாங்க, அங்க ராட்சச கேஸ் அறை இருந்துச்சு, ரெண்டு லட்சம் போலந்துக்காரங்கள கொன்னாங்கன்னு. வரலாற்று ஆளுங்க ஒத்துக்காத கதை அது. 15 வருஷம் அப்படியே கிடந்துச்சு. மத்த மொழிக்கெல்லாம் பெயர்த்துட்டாங்க, மத்த கட்டுரைகளுக்குள்ளயும் நுழைஞ்சிருச்சு. 2019ல ஹாரெட்ஸ்னு ஒரு இஸ்ரேல் பேப்பர் விஷயத்த முழுசா எழுதினதும்தான் உலகத்துக்கு தெரிஞ்சுது. ரெண்டு லட்சம்னு எழுதினவரும் மனசுக்குள்ள என்ன மாதிரிதான் நினைச்சிருப்பாரு, எங்க ஜனங்க செத்தத யாரும் சொல்லல, நான் சொல்றேன்னு. அவர நிறுத்தற விதி என்னையும் நிறுத்தத்தான் செய்யும், அதுல என்ன தப்பு?

சரி, அச்சுல இருக்கறத தேடலாம்னு கிளம்பினேன். இங்கதான்ங்க நிஜமான கஷ்டமே. ஒரு லைப்ரரியில பழைய பேப்பர் பைண்டிங் இருக்குன்னாங்க, போனா 1964 இருக்கு, 1966 இருக்கு, நடுவுல ஒரு வருஷம் கரையான் தின்னு எடுத்து போட்டுட்டாங்களாம். இன்னொரு இடத்துல லெட்டர் கேட்டாங்க, லெட்டர் குடுத்தேன், சார் லீவுன்னாங்க, மூணு தடவ பஸ் ஏறி போய் விட்டுட்டேன். கடைசியில எங்க பாட்டியோட ட்ரங்க் பெட்டிய சுத்தம் பண்றப்ப அடியில விரிச்சிருந்த பேப்பர எடுத்து பாக்கறேன், 1965 பிப்ரவரி! கை நடுங்கிச்சு. ஆனா உள் பக்கம்ங்க. வெல்ல விலை, தேங்கா விலை, சினிமா விளம்பரம், ஒரு ஓரத்துல ரசகற்பூர உருண்டை வச்ச கறை. முதல் பக்கம் இல்ல. அந்த தாள இப்பவும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கடையில வச்சிருக்கேன்.

தமிழ்நாடு முழுக்க அந்த ரெண்டு மாசத்துல செத்தவங்க அரசு கணக்குல கிட்டத்தட்ட 70 பேரு. அரசு சாராத கணக்கு 500 வரைக்கும் போகுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை குடும்பம் இருக்குன்னு யோசிங்க. இந்த மாதிரி இடத்துல நல்ல கட்டுரை என்ன பண்ணும்னா, அரசு இப்படி சொன்னது, இன்னார் இப்படி எழுதினாங்கன்னு ரெண்டையும் யாரு சொன்னதுன்னு பேரோட வைக்கும். நடுநிலை நோக்குன்னு சொல்றது அதத்தான், ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கறது இல்ல. ஆனா ஊர் ஊரா பிரிச்சு எழுத போனா, அன்னைக்கு தேதியில வந்த செய்தி கையில இல்லாம ஒரு வரி கூட நகர மாட்டேங்குது. பேப்பர்ல வந்தது அத்தனையும் சரியா இருக்கும்னு நான் சொல்லல, கலவர நேரத்துல முதல் நாள் வர நம்பர் மூணாம் நாள் மாறத்தான் செய்யும். அதுவும் தெரியணும்ல, எந்த தேதியில எந்த நம்பர்னு.

இப்ப பாருங்க, நானே "கலவர நேரம்"னு எழுதிட்டேன். சண்டையில பாதி இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குதான். கலவரமா, போராட்டமா, கிளர்ச்சியா? இந்தி எதிர்ப்பா, இந்தித் திணிப்பு எதிர்ப்பா, மொழிப்போரா? வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுன்னு தோணும், ஆனா "இந்தி எதிர்ப்பு"ன்னா நாம ஒரு மொழிய வெறுத்த மாதிரி ஆகுது, "திணிப்பு எதிர்ப்பு"ன்னா கட்டாயப்படுத்தினத எதிர்த்த மாதிரி ஆகுது, "மொழிப்போர்"னா செத்தவங்க தியாகி, அதுக்குத்தான் ஜனவரி 25 வீர வணக்க நாளே. "இறந்தனர்"னு எழுதினா தானா செத்த மாதிரி, "கொல்லப்பட்டனர்"னா யாரு கொன்னாங்கன்னு கேள்வி வருது. "பலியாயினர்"ங்கறது நம்ம பேப்பர் பாஷை, பஸ் கவிழ்ந்தாலும் பலி, போலீஸ் சுட்டாலும் பலி. எனக்கு கேட்டா "சுட்டதில் இறந்தனர்"னு எழுதறதுதான் நேர்மை. இதுக்கெல்லாம் ஆலமரத்தடின்னு ஒரு பக்கம் வச்சிருக்காங்க தமிழ் விக்கிப்பீடியாவுல, பேரே எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, பொதுவா எல்லாரும் உக்காந்து பேசற இடம். சில நேரம் ஒரு வார்த்தைக்கு வாரக்கணக்குல பேசுவாங்க. வெளிய இருந்து பாத்தா வெட்டிப் பேச்சு மாதிரிதான் தெரியும், எனக்கு அதுல பெரிய மரியாதை உண்டு.

அதே 1965ல திருப்பூர்ல ரெண்டு போலீஸ்காரங்கள கும்பல் எரிச்சு கொன்னுச்சு. இதுவும் நடந்ததுதான், அரசு சொல்ற 70ல அவங்களும் சேத்தி. என் கடைக்கு வர ரெண்டு தம்பிங்க, நல்ல பசங்க, தமிழ் மேல உயிரா இருக்கறவங்க, அண்ணா அந்த போலீஸ் விஷயத்த மட்டும் தூக்கிருங்க, அவனுங்களுக்கு அது ஆயுதமா போயிரும்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். அவங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்கும்ல. அத தூக்கிட்டு நம்ம பக்கம் செத்தவங்கள மட்டும் வச்சா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நம்மளத தூக்கறப்ப எந்த வாயோட கேக்கறது?

உங்க கட்டுரை சொன்ன யோசனை நிறைவேறினா என்ன ஆகும்னு நாம கற்பனை பண்ண வேண்டியதில்ல. குரோஷியாவுல நடந்திருக்கு. அந்த நாட்டு மொழியில இருக்கற விக்கிப்பீடியாவுல ஒரு சின்ன குழு, நம்ம நாடு நம்ம வரலாறுன்னு சொல்லிகிட்டு நிர்வாகி பொறுப்புக்கெல்லாம் வந்து உக்காந்துச்சு. கேள்வி கேட்டவங்கள தடை பண்ணாங்க, ஒருத்தரே பல பேர்ல கைப்பாவை கணக்கு வச்சு ஓட்டு போட்டாங்க. யசெனோவாச்னு ஒரு முகாம், 1941ல இருந்து 1945 வரைக்கும் நாஜிகளோட கூட்டு வச்சிருந்த உஸ்தாஷா ஆட்சி செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் எதிர்த்த குரோஷியர்களையும் கொன்ன இடம், அங்க இருக்கற நினைவகம் பேரோட பட்டியல் போட்டதே 83,145 பேரு. அத அந்த விக்கிப்பீடியாவுல ஆளுங்கள சேத்து வச்சு வேலை வாங்கின முகாம்ங்கற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. கொலைமுகாம்னு சொல்ல வாய் வரல. 2013ல பேப்பர்ல எல்லாம் நாறினதும் அந்த நாட்டு கல்வி மந்திரியே, பசங்களா நம்ம மொழி விக்கிப்பீடியாவ படிக்காதீங்க, ஆங்கிலத்துல போய் பாருங்கன்னு சொல்ல வேண்டிய நிலைமை. ஒரு மொழிக்கு இத விட கேவலம் என்ன இருக்கு சொல்லுங்க, சொந்த மந்திரியே தாய்மொழியில படிக்காதேன்னு சொல்றது! அத சரி பண்ண இன்னும் ஏழெட்டு வருஷம் ஆச்சு, 2020 கடைசியில முக்கியமான நிர்வாகிய எல்லா விக்கி தளத்துல இருந்தும் தடை பண்ணாங்க, 2021ல விக்கிப்பீடியாவ நடத்தற விக்கிமீடியா நிறுவனமே ஆய்வு அறிக்கை வெளியிட்டு நடந்தத ஒத்துகிச்சு.

ஆங்கிலத்துல ஆயிரக்கணக்கான பேரு எழுதறாங்க, அங்க ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல மாத்தி மாத்தி அழிச்சா தடை, சில தலைப்புக்கு 30 நாள் பழைய கணக்கும் 500 திருத்தமும் இல்லாம கை வைக்கவே முடியாது, பெரிய தகராறுன்னா நடுவர் குழு இருக்கு. தமிழ்ல கட்டுரை ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு, 2003ல இருந்து கட்டின வீடு இது, ஆனா தினமும் உக்காந்து காவல் காக்கறவங்க கைவிட்டு எண்ணற அளவுதான். இந்த வீட்டுக்குள்ள ஆயிரம் பேரு கொடிய புடிச்சுகிட்டு வந்தா குரோஷியா ஆகறதுக்கு ரொம்ப நாள் ஆகாதுங்க. வர்றது நம்ம ஆளா அவங்க ஆளாங்கறது இல்ல விஷயம்.

வேற வழி என்னன்னா, அத ஈழத்துக்காரங்க செஞ்சு காட்டியிருக்காங்க. 1981ல யாழ்ப்பாணம் நூலகத்த எரிச்சப்ப 97,000 புத்தகம் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதே சமயத்துல ஈழநாடு பத்திரிக்கை ஆபீசையும் எரிச்சாங்கங்கறத நிறைய பேரு மறந்துட்டாங்க. எரிச்சவங்களுக்கு தெரிஞ்சிருக்கு பாருங்க, பேப்பர் ஆபீஸ்ல என்ன இருக்குன்னு. 2005ல இருந்து நூலகம்னு ஒரு தன்னார்வ அமைப்பு, இலங்கைத் தமிழ் புத்தகம், சஞ்சிகை, பழைய பத்திரிக்கைன்னு ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமா வச்சுட்டு வராங்க. இலங்கை போர் பத்தி விக்கிப்பீடியாவுல நடக்கற சண்டை சாதாரண சண்டை இல்ல, கடைசி கட்டத்துல செத்தவங்க எத்தனைங்கற ஒரு வரிக்கே எத்தனையோ வருஷமா மல்லுக்கு நிக்கறாங்க, 40,000 வரைக்கும் இருக்கலாம்னு 2011ல ஐ.நா. நிபுணர் குழு சொன்னதயே ஒத்துக்காதவங்க இருக்காங்க. அந்த குழு அறிக்கை அச்சுல இருக்கப்போயிதான் அந்த வரி இன்னும் நிக்குது. யாரு போய் அழிச்சாலும் மறுபடி கொண்டு வந்து வைக்க ஒரு தாள் இருக்கு.

எங்களுக்கு இந்த 1965க்கு அந்த தாள் இல்ல. உங்க கிட்ட இருக்கு.

ஐயா, உங்க பத்திரிக்கை அப்பவும் வந்துட்டு இருந்துச்சு. எங்க வீட்ல அதான் வாங்குவோம், ட்ரங்க் பெட்டியில கிடைச்ச தாளும் உங்களதுதான். பைண்ட் பண்ணின வால்யூம் உங்க ஆபீஸ்ல எங்கயாவது ஒரு ரூம்ல கட்டாயம் இருக்கும். முழுசா எல்லா வருஷமும் கேக்கல, அது செலவு புடிக்கற வேலைன்னு இந்த தொழில்ல இருக்கற எனக்கு தெரியும். 1965 ஜனவரி 20ல இருந்து பிப்ரவரி 28 வரைக்கும், மொத்தம் 40 இதழ். நம்ம நாட்டு சட்டப்படி பேர் போடாத செய்திக்கும் போட்டோவுக்கும் காப்புரிமை, வெளிவந்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம், 1965ல வந்ததுக்கு 2025 டிசம்பரோட அந்த கணக்கு முடியுது. அத ஸ்கேன் பண்ணி உங்க சொந்த வெப்சைட்லயே போடுங்க, எங்களுக்கு லிங்க் ஒண்ணு போதும். ஆள் இல்லைன்னா நானே வரேன், ஏ3 ஸ்கேனர் என் கிட்ட இருக்கு, பழைய தாள எப்படி கையாளணும்னும் தெரியும், மடிப்ப நீவி விட மாட்டேன், பிரிச்சா உடையற பக்கத்த தொட மாட்டேன், கூலி ஒரு பைசா வேண்டாம்.

இன்னொண்ணும் கேக்கறேன். உங்க நிருபர் ஒருத்தர எங்க பெரியப்பா கிட்ட அனுப்புங்க. என் வாயால சொன்னா அது அங்க செல்லாது, உங்க பேப்பர்ல அவரு பேட்டி அச்சுல வந்தா "நேரில் பார்த்ததாக இன்னார் கூறினார்"னு ஒரு வரி எழுதலாம், அவரு சொல்ற நம்பர் அவரு சொன்னதாவே நிக்கும், அது போதும். அவரோட மண்டியில வேலை செஞ்சவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, ஒருத்தருக்கு காது சுத்தமா கேக்காது, ஆனா நல்லா பேசுவாரு. ரெண்டு பேருமே எண்பத தாண்டிட்டாங்க. எங்க ஊர் மாதிரி மத்த ஊர்லயும் இருப்பாங்க, மதுரையில, சிதம்பரத்துல, திருப்பூர்ல, அந்த போலீஸ்காரங்க குடும்பத்துலயும் யாராவது இருப்பாங்க, அவங்களையும் கேளுங்க.

பெரியப்பா கிட்ட சொல்லிட்டேன், பேப்பர்ல இருந்து வந்தாலும் வருவாங்கன்னு. இப்ப தேவலாம், காலையில பதினோரு மணிக்கு மேல திண்ணையில வந்து உக்காருவாரு, வெள்ளிக்கிழமை மட்டும் ஆஸ்பத்திரி. அன்னைக்கு மண்டியில இருந்து சூடு நடந்த இடம் வரைக்கும் நடந்து போன வழிய காட்டறேன்னு சொல்லியிருக்காரு. நான் கடைய சாத்திட்டு கூட வரேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியில இருந்து ஒரு வாசகன்